எல்லாத் திரைக்கும் ஒரே மின்னஞ்சல்: டெம்ப்ளேட் எழுதியே பழகியவனின் குறிப்புகள்

மின்னஞ்சல் வடிவமைக்க வருகிறவர்கள் எல்லோரும் ஓர் ஆசையோடு வருகிறார்கள். கணினியில் திறந்தாலும் கைபேசியில் திறந்தாலும் கடிதம் அச்சு அசலாக ஒரே மாதிரி தெரிய வேண்டும் என்பதுதான் அது. விளம்பர மின்னஞ்சல்களுக்கு டெம்ப்ளேட் எழுதிக் கொடுப்பது பல வருடங்களாக என் பிழைப்பு. அந்த ஆசையை எவ்வளவு சீக்கிரம் விட்டொழிக்கிறோமோ அவ்வளவு நல்லது என்று யார் கேட்டாலும் சொல்வேன். எங்கே திறந்தாலும் படிக்க முடிய வேண்டும். அழுத்த வேண்டிய இடத்தை அழுத்த முடிய வேண்டும். இவை இரண்டும் கிடைத்துவிட்டால், பொத்தானின் மூலை வளைந்திருக்கிறதா கூராக இருக்கிறதா என்பதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

வலைத்தளம் செய்து பழகியவர்களுக்கு இது உறைக்க நாளாகும். பிரவுசர்கள் இன்று பெரும்பாலும் ஒரே விதிகளைப் பின்பற்றுகின்றன. மின்னஞ்சல் செயலிகளுக்கு அப்படிப் பொதுவான ஒழுங்கு கிடையாது; பக்கத்தை எழுதும் குறியீட்டு மொழியான எச்டிஎம்எல்லை ஒவ்வொன்றும் தன் போக்கில் படிக்கிறது. ஐபோனிலும் மேக்கிலும் வரும் ஆப்பிள் மெயில் தாராள மனம் படைத்தது, ஏறக்குறைய எதை எழுதினாலும் காட்டிவிடும். ஜிமெயில் தனக்கு ஒவ்வாதவற்றை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தைக் காட்டும். உண்மையான சோதனை, விண்டோஸில் நிறுவிப் பயன்படுத்தும் மைக்ரோசாஃப்டின் பழைய அவுட்லுக்தான். அதுவரை இன்டர்நெட் எக்ஸ்புளோரரின் உதவியோடு மின்னஞ்சலைக் காட்டிவந்த அவுட்லுக், 2007ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து வேர்டை வைத்துக் காட்டத் தொடங்கியது. அறிக்கையும் விண்ணப்பமும் தட்டச்சு செய்யப் பிறந்த மென்பொருள் அது. அதனிடம் போய் வலைப்பக்கத்தை வரையச் சொன்னால், தனக்குத் தெரிந்ததை வரைகிறது. இன்னும் சொல்லப்போனால் அது பக்கம் பக்கமாகவே யோசிக்கிறது. கடிதம் முழுவதையும் நீளமான ஒரே டேபிள் செல்லுக்குள், அதாவது அட்டவணையின் ஒரே கட்டத்துக்குள், அடைத்தால், பாதி வழியில் பக்கம் முடிந்துவிட்டதாக எண்ணி நடுவே ஒரு வெற்றிடத்தைப் போட்டுவிடும்.

புதிய அவுட்லுக் வலைப் பதிப்பை ஒட்டி அமைந்தது, அதில் இந்த வேர்டு தொல்லை இல்லை. ஆனால் அலுவலகங்கள் பழையதை அவ்வளவு சீக்கிரம் விடுவதில்லை. நிறுவனங்களுக்கு அனுப்பும் மின்னஞ்சல் என்றால் பழைய அவுட்லுக்கை மறந்துவிட்டு வேலை செய்ய நான் இன்னும் துணியவில்லை.

ஆப்பிள் மெயிலின் தாராளத்தில் ஓர் ஆபத்து இருக்கிறது. வடிவமைப்பாளர்களில் பலர் மேக் வைத்திருப்பார்கள், கையில் ஐபோன் இருக்கும். இரண்டிலும் பார்த்துவிட்டு ‘அருமையாக இருக்கிறது, அனுப்பிவிடலாம்’ என்பார்கள். அவர்கள் பார்த்தது இருப்பதிலேயே நல்ல நிலைமை. நான் இதைத் தலைகீழாகச் செய்கிறேன். படம் எதுவும் வராமல், தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ்ஸில் பாதி வெட்டப்பட்டு, குறுகலான திரையில் திறந்தால் கடிதம் எப்படி இருக்கும் என்பதை முதலில் சரிசெய்கிறேன். அழகு அதற்குமேல் வரட்டும்.

ஒரு பொத்தானின் கதை

‘இப்போதே பதிவு செய்யுங்கள்’ என்று ஒரு பொத்தான் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வெள்ளை எழுத்து, நீலப் பின்னணி, நான்கு பக்கமும் தாராளமாக இடைவெளி. வலைத்தளமாக இருந்தால் லிங்க்குக்கே பேடிங், அதாவது அந்த உள் இடைவெளியைக் கொடுத்து நிறம் பூசினால் வேலை முடிந்தது. அதே குறியீட்டைப் பழைய அவுட்லுக்குக்கு அனுப்பினால் பேடிங் காணாமல் போய்விடும். எழுத்தை ஒட்டினாற்போல் நீலப் பட்டை ஒன்று மட்டும் தெரியும், யாரோ ஹைலைட்டர் பேனாவால் இழுத்துவிட்ட மாதிரி.

லிங்க், பாரா, டிவ் (ஒரு பகுதியைச் சுற்றிப் போடும் பெட்டி) ஆகியவற்றுக்குக் கொடுக்கும் பேடிங்கை வேர்டு மதிப்பதில்லை. டேபிளின் செல்லுக்குக் கொடுத்தால் மதிக்கும். எனவே நிறத்தையும் பேடிங்கையும் செல்லுக்கு மாற்றுவார்கள். அவுட்லுக் வழிக்கு வந்துவிடும். ஆனால் இப்போது கைபேசியில் வேறொரு சங்கடம் முளைக்கிறது. நீலப் பெட்டி முழுவதும் பொத்தான்போலத் தெரிகிறது, கிளிக் ஆவதோ நடுவில் உள்ள எழுத்து மட்டும். கட்டைவிரல் பெட்டியின் ஓரத்தில் பட்டால் ஒன்றும் நடப்பதில்லை. மின்னஞ்சலைப் பெற்றவர் இரண்டு முறை தட்டிப் பார்ப்பார், பிறகு அடுத்த கடிதத்துக்குப் போய்விடுவார். புகார்கூட வராது என்பதுதான் இதில் கொடுமை.

இரண்டுக்கும் ஒத்துவருகிற வழி இது: பேடிங்கை லிங்க்குக்கே கொடுத்துவிட்டு, அவுட்லுக் மட்டும் படித்துக்கொள்கிற தனி பேடிங் குறிப்பு ஒன்றைச் செல்லுக்குச் சேர்ப்பது. மைக்ரோசாஃப்ட் ஆபிஸுக்கென்றே உள்ள இந்தக் குறிப்புகளை மற்ற செயலிகள் கண்டுகொள்வதில்லை. கைபேசியில் பெட்டி முழுவதும் விரலுக்கு வசப்படும். அவுட்லுக்கில் எழுத்து மட்டுமே கிளிக் ஆகும் என்றாலும், அங்கே சுட்டெலியின் முனை இருப்பதால் பெரிய நஷ்டமில்லை. அங்கேயும் முழுப் பெட்டியும் கிளிக் ஆக வேண்டும், மூலைகளும் வளைய வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்களுக்கு வடிவங்களை வரையும் மைக்ரோசாஃப்டின் பழைய விஎம்எல் மொழி இருக்கிறது. செய்யத் தெரியும், ஆனால் நாளைக்கு வேறொருவர் அந்த டெம்ப்ளேட்டைத் திறந்து எழுத்தை மாற்றும்போது ஓரிடத்தில் மாற்றி மற்றோரிடத்தில் விட்டுவிடுவார். அதனால் நானாக அதைப் பரிந்துரைப்பதில்லை.

பொத்தானின் அளவைப் பற்றியும் ஒரு வார்த்தை. விரலால் தொடும் இடம் குறைந்தது 44 புள்ளி உயரமும் அகலமும் இருக்க வேண்டும் என்கிறது ஆப்பிளின் வடிவமைப்பு வழிகாட்டி. ஆண்ட்ராய்டுக்கு கூகுள் சொல்வது 48. என் பொத்தான்கள் 48க்குக் கீழே போவதில்லை. அதைவிட முக்கியம், இரண்டு லிங்க்குகளை நெருக்கி வைக்காமல் இருப்பது. கணினிக்கென்று அடிப்பகுதியில் ஒரே வரியில் வரிசையாக அடுக்கிய சின்னச் சின்ன லிங்க்குகள் கைபேசியில் ஒன்றன்மேல் ஒன்றாக மடிந்து விழுந்து, எதைத் தொட்டாலும் பக்கத்திலிருப்பது திறக்கும்.

அகலமும் பத்தியும்

மின்னஞ்சலுக்கு வழக்கமாக வைக்கும் 600 பிக்சல் என்ற அகலம் எங்கிருந்து வந்தது என்று புதியவர்கள் கேட்பார்கள். 1024க்கு 768 திரைகள் பரவலாக இருந்த காலத்தில், இடது பக்கம் கோப்புறைகளும் நடுவில் கடிதப் பட்டியலும் போக, படிக்கும் பகுதிக்கு மிஞ்சியது ஏறக்குறைய அவ்வளவுதான். திரைகள் பெரிதாகிவிட்டாலும் அந்தப் படிக்கும் பகுதி இன்னும் அப்படியேதான் இருக்கிறது. வரி மிக நீளமாகப் போகாமல் வாசிக்கவும் அந்த அகலம் வசதி. நான் 600ஐ மாற்றியதில்லை.

கைபேசித் திரையின் அகலம் பெரும்பாலும் 360 முதல் 430 பிக்சலுக்குள் இருக்கும். 600 பிக்சலுக்கு இறுக்கிக் கட்டிய கடிதம் அங்கே வந்தால், செயலி அதைச் சுருக்கிக் காட்டும், இல்லையென்றால் வலது ஓரத்தைத் திரைக்கு வெளியே தள்ளும். இரண்டும் வேதனை. திரையின் அகலத்துக்கேற்பத் தோற்றத்தை மாற்றும் மீடியா குவெரிதான் இதற்குத் தீர்வு என்று எல்லோரும் சொல்வார்கள். ஜிமெயில் 2016ஆம் ஆண்டு செப்டம்பரில் அதை ஏற்கத் தொடங்கியபோது எங்கள் தொழிலில் உள்ளவர்களுக்குப் பண்டிகைதான். ஆனால் ஒரு சந்து மிச்சமிருந்தது. கைபேசியின் ஜிமெயில் செயலியில் ஜிமெயில் அல்லாத வேறு முகவரியைச் சேர்த்துப் படித்தால், மீடியா குவெரி உட்பட, தோற்ற விதிகளைச் சேர்த்து எழுதும் ஸ்டைல் தொகுதி முழுவதையும் அது கழற்றிவிடும். ஒரு வாடிக்கையாளர் இதைத்தான் என்னிடம் கொண்டுவந்தார். அவருடைய சொந்த முகவரியில் கடிதம் ஒழுங்காக இருக்கிறது. அதே கைபேசியில், அதே செயலியில், அலுவலக முகவரிக்கு வந்த கடிதத்தில் அருகருகே உள்ள இரண்டு பத்திகளும் (செங்குத்து வரிசைகளும்) அப்பளமாக நசுங்கிக் கிடக்கின்றன. கடிதத்தில் பிழை இருப்பதாகவும் கைபேசி பழுதாகிவிட்டதாகவும் ஆளுக்கொரு கட்சி கட்டிக்கொண்டிருந்தார்கள்.

இதற்குப் பிறகு எனக்குப் பிடித்துப்போனது மீடியா குவெரி இல்லாமலேயே மடிகிற முறை. பத்திகளுக்கு நிலையான அகலம் தராமல், 100 சதவீதம் என்று அகலத்தைக் கொடுத்து, 300 பிக்சலுக்கு மேல் போகாதே என்று வரம்பு வைத்து, பக்கத்தில் பக்கத்தில் அடுக்குவது. இடம் இருந்தால் இரண்டும் அருகருகே நிற்கும். இல்லாவிட்டால் இரண்டாவது தானாகக் கீழே இறங்கும். பழைய அவுட்லுக்குக்கு இந்த உச்சவரம்பு புரியாது. எனவே அதன் கண்ணுக்கு மட்டும் தெரியும் நிபந்தனைக் குறிப்புக்குள் நிலையான அகலமுள்ள டேபிள் ஒன்றை ஒளித்து வைக்க வேண்டும். இதையெல்லாம் கையால் எழுதுவது எரிச்சலான வேலைதான். எம்ஜேஎம்எல் போன்ற திறந்த மூலக் கருவிகள் இருக்கின்றன. நாம் சுருக்கமாக எழுதினால் டேபிள்களையும் அவுட்லுக் குறிப்புகளையும் அவையே விரித்துக் கொடுத்துவிடும். ஆனாலும் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டு பயன்படுத்துங்கள், உடையும் நாளில் அதுதான் கைகொடுக்கும்.

இதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: இரண்டு பத்தி எதற்கு? ஒரே பத்தியில் மேலிருந்து கீழாக ஓடும் கடிதம் எந்தத் திரையிலும் உடைவதில்லை. பொருள்களை வரிசையாகக் காட்டும் பட்டியல் என்றால் இரண்டு பத்திக்கு நியாயம் உண்டு. ஓர் அறிவிப்பு, ஒரு அழைப்பு, ஒரு சலுகை என்றால் ஒரே பத்தியே போதும். கணினித் திரையில் இரு பக்கமும் காலியாக இருக்கிறதே என்பார்கள். இருக்கட்டும்.

தமிழில் அனுப்பும்போது

ஆங்கிலக் கடிதத்துக்கென்று செய்த டெம்ப்ளேட்டில் தமிழை ஊற்றினால் முதலில் இடிப்பது வரிகளின் உயரம். தமிழில் மேலே புள்ளியும் விசிறியும் இருக்கும், கீழே சுழிகளும் இறங்கும். ஆங்கிலத்துக்கு 1.4 மடங்கு வரி உயரம் தாராளம், தமிழுக்கு 1.6 அல்லது 1.7 வைத்தால்தான் வரிகள் ஒன்றையொன்று உரசாமல் இருக்கும். எழுத்தளவு 16 பிக்சலுக்குக் குறையக் கூடாது என்பது என் கட்சி. ஆங்கிலத்தில் 14 பிக்சலில் சமாளித்துவிடலாம். தமிழில் அதே அளவில் ‘ன’வும் ‘ண’வும் சிறிய திரையில் குழம்பும்.

அடுத்தது சொற்களின் நீளம். ‘பயன்படுத்திக்கொள்ளலாம்’ என்ற ஒரு சொல் தலைப்பில் 24 பிக்சல் தடித்த எழுத்தில் வந்தால் 300 பிக்சல் பத்தியில் முட்டி மோதும். பத்திக்கு அது பெரிதென்றால் சில செயலிகள் டேபிளையே அகட்டிவிடும், அப்புறம் கடிதம் முழுவதும் பக்கவாட்டில் நகரத் தொடங்கும். சொல்லை எங்கே வேண்டுமானாலும் உடைத்துக்கொள் என்று சிஎஸ்எஸ்ஸில் அனுமதி தரலாம், ஆனால் உடைந்த தமிழ்ச் சொல்லைப் படிக்கச் சகிக்காது. தலைப்பைத் திருத்தி எழுதுவதே மேல். ‘சலுகையைப் பயன்படுத்திக்கொள்ளலாம்’ என்பதைவிட ‘சலுகை இன்று வரை’ என்பது சுருக்கமாகவும் இருக்கிறது, விஷயத்தையும் சொல்கிறது. ஆங்கிலத்தில் பெரிய எழுத்துகளால் வலியுறுத்துவார்கள். நமக்கு அந்த வசதி இல்லை. அளவும் தடிமனும் நிறமும்தான் நம் கையில் இருப்பவை.

எழுத்துரு விஷயத்தில் கனவு காணாதீர்கள். வலை எழுத்துருவை ஆப்பிள் மெயில் காட்டும். ஜிமெயிலில் நீங்கள் தேர்ந்தெடுத்த அழகான தமிழ் எழுத்துரு வராது. விண்டோஸில் நிர்மலா யுஐயோ லதாவோ, ஆண்ட்ராய்டில் நோட்டோ சான்ஸ் தமிழோ, ஐபோனில் தமிழ் சங்கம் எம்என்னோ என்று அந்தந்தக் கருவியில் என்ன இருக்கிறதோ அதுதான் வரும். இவை ஒவ்வொன்றும் வெவ்வேறு அகலம். ஒன்றில் இரண்டு வரியில் அடங்கிய தலைப்பு மற்றொன்றில் மூன்றாவது வரிக்கு இறங்கும். அதனால் எந்தப் பெட்டிக்கும் நிலையான உயரம் வைக்காதீர்கள். எழுத்து எவ்வளவு வளர்ந்தாலும் பெட்டியும் கூடவே வளரட்டும்.

பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் எடை. ஒரு கடிதத்தின் எச்டிஎம்எல் 102 கேபியைத் தாண்டினால் ஜிமெயில் அதை அங்கேயே வெட்டிவிட்டு, முழுக் கடிதத்தையும் பார்க்க ஒரு லிங்க்கை வைக்கும். படங்களின் எடை இந்தக் கணக்கில் சேராது, குறியீடும் எழுத்தும் மட்டும்தான். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட். தமிழில் ஒவ்வொரு குறியீட்டுப் புள்ளிக்கும், அதாவது கணினி தனி எண் கொடுத்து வைத்திருக்கும் ஒவ்வொரு எழுத்துக்கூறுக்கும், யுடிஎஃப்-8 என்ற சேமிப்பு முறையில் மூன்று பைட். ‘மின்னஞ்சல்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கு ஆறு எழுத்து. விசிறியையும் புள்ளிகளையும் தனித்தனியே எண்ணினால் பத்துக் குறியீட்டுப் புள்ளிகள், ஆக 30 பைட். இதோடு போனால் பரவாயில்லை. மின்னஞ்சல் அனுப்பும் சில மென்பொருள்கள், ஆங்கிலம் அல்லாத எழுத்துகளைக் கண்டதும் ஒவ்வொன்றையும் எண் வடிவக் குறியீடாக மாற்றிவிடும். அப்போது குறியீட்டுப் புள்ளி ஒன்றுக்கு ஏழு பைட். அதே சொல் 70 பைட்டாக ஊதிப்போகும். ஆங்கிலப் பதிப்பு ஒழுங்காகப் போய்ச் சேர, அதே டெம்ப்ளேட்டின் தமிழ்ப் பதிப்பு மட்டும் ஜிமெயிலில் பாதியில் வெட்டுப்பட்டால், முதலில் இதைச் சந்தேகியுங்கள். வேர்டிலிருந்து நகலெடுத்து ஒட்டிய பகுதியில் வண்டி வண்டியாக வேண்டாத குறியீடுகள் ஒளிந்திருப்பதும் இன்னொரு காரணம். எழுத்தை ஒரு முறை நோட்பேடில் ஒட்டி, அங்கிருந்து எடுத்துப் போடும் பழக்கம் வைத்துக்கொண்டால் போதும்.

படங்கள், இருட்டு, இன்ன பிற

முழுக் கடிதத்தையும் ஒரே படமாகச் செய்து அனுப்பிவிட்டால் எங்கும் உடையாது என்று ஒரு யோசனை அடிக்கடி வரும். நான் மறுத்துவிடுவேன். 2013 டிசம்பரிலிருந்து ஜிமெயில் படங்களைத் தானாகவே காட்டுகிறது, சரி. பழைய அவுட்லுக்கோ வெளியிலிருந்து வரும் படங்களை இயல்பாகவே தடுத்து வைத்துவிட்டு, அனுமதி கேட்டு நிற்கும். கடிதமே படமாக இருந்தால் அங்கே தெரிவது ஒரு வெள்ளைப் பெட்டி. கணினிக்காகச் செய்த படத்தில் உள்ள எழுத்து, கைபேசியில் பாதியாகச் சுருங்கி எறும்பு அளவுக்கு ஆகிவிடும். பார்வையற்றவர்களின் திரைவாசிப்பானுக்கு அதில் படிக்க ஒன்றுமே இருக்காது. விலை, தேதி, பொத்தான் மூன்றும் எழுத்தாகவே இருக்கட்டும். ஒவ்வொரு படத்துக்கும் மாற்று வாசகம் எழுதுங்கள். ‘பேனர்1’ என்று எழுதுவது எழுதாததற்குச் சமம். படம் வராவிட்டால் அந்த இடத்தில் வாசகர் என்ன தெரிந்துகொள்ள வேண்டுமோ அதை எழுதுங்கள். அழகுக்காக வைத்த கோடு, பின்னல் போன்றவற்றுக்கு மாற்று வாசகத்தைக் காலியாக விடுங்கள், திரைவாசிப்பான் தாண்டிப் போய்விடும்.

கூர்மையான திரைகளுக்காகப் படத்தை இரட்டை அளவில் செய்வது வழக்கம். 600 பிக்சலில் தெரிய வேண்டிய படத்தை 1200 பிக்சலில் வெட்டுவார்கள். சிஎஸ்எஸ்ஸில் மட்டும் அகலத்தைச் சொன்னால் பழைய அவுட்லுக் காதில் போட்டுக்கொள்ளாமல் படத்தை முழு அளவில் விரித்துக் காட்டிவிடும். படத்தின் அகலப் பண்பிலேயே 600 என்று எழுத வேண்டும், அதுதான் அதற்குத் தெரிந்த பாஷை. அசையும் ஜிஃப் படங்களில் முதல் காட்சியை மட்டும் காட்டி நின்றுவிடும் அவுட்லுக் பதிப்புகளும் உண்டு. சொல்ல வேண்டியதை முதல் காட்சியிலேயே சொல்லிவிடுங்கள்.

ஒரு நிறுவனத்தின் மேலாளர் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பியிருந்தார். குழுவில் எல்லோருக்கும் சரியாக வந்த கடிதம் அவருடைய மடிக்கணினியில் மட்டும் உடைந்திருந்தது: படங்கள் பெரிதாகி டேபிளுக்கு வெளியே துருத்திக்கொண்டு நின்றன. அவருடைய விண்டோஸில் திரையின் பெருக்கம் 125 சதவீதத்தில் இருந்தது. அந்த நிலையில் பழைய அவுட்லுக் சில அளவுகளைப் பெருக்கும், சிலவற்றை அப்படியே விட்டுவிடும். அதனால் வரும் வினை இது. ஓர் அங்குலத்துக்கு 96 பிக்சல் என்று ஆபிஸுக்குச் சொல்லும் நான்கைந்து வரிகளைக் கடிதத்தின் தலைப்பகுதியில் சேர்த்தால் தீர்ந்துவிடும். அதற்குப் பிறகு நான் எழுதும் எந்த டெம்ப்ளேட்டும் அந்த வரிகள் இல்லாமல் போனதில்லை. முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவர்களின் மடிக்கணினிகள்தான் இப்படி உயர்ந்த பெருக்கத்தில் இருக்கும் என்பது என் அனுபவம். கடிதத்துக்கு அனுமதி தருகிறவர்களும் அவர்கள்தான்!

இருண்ட தோற்றம் எனப்படும் டார்க் மோடு வந்தபிறகு நிறங்களின் மேல் நமக்கிருந்த பிடி பாதியாகிவிட்டது. ஆப்பிள் மெயிலில் இருட்டுக்கென்று தனி நிறங்களை எழுதிவைக்கலாம். ஜிமெயில் அதைக் கேட்காது, தானே நிறங்களைத் திருப்பிப் போடும். அதிலும் ஐபோனில் ஒரு விதம், ஆண்ட்ராய்டில் ஒரு விதம். பெரும்பாலும் அடிபடுவது லோகோ. பின்னணி இல்லாத பிஎன்ஜி படத்தில் கறுப்பு எழுத்தில் நிறுவனத்தின் பெயர் இருக்கும். வெள்ளைப் பின்னணி கறுப்பாக மாறியதும் கறுப்பில் கறுப்பு கலந்து பெயரே மாயமாகிவிடும். எழுத்தைச் சுற்றி மெல்லிய வெள்ளை விளிம்பு ஒன்றை லோகோவிலேயே சேர்த்துவிடுவது பழைய தந்திரம். வெளிச்சத்தில் அது கண்ணில் படாது, இருட்டில் பெயரைக் காப்பாற்றும். எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே 4.5க்கு 1 என்ற விகிதத்துக்குக் குறையாமல் வேறுபாடு இருக்க வேண்டும் என்பது அணுகல்தன்மை வழிகாட்டி சொல்லும் அளவு. நாகரிகம் என்ற பெயரில் வெளிர் சாம்பல் எழுத்து கேட்பவர்களுக்கு நான் இந்த எண்ணைத்தான் காட்டுகிறேன். வெயிலில் நின்று கைபேசி பார்ப்பவருக்கும் அதே எண்தான் உதவுகிறது.

பொருள் வரியும் வடிவமைப்பில் சேர்ந்ததுதான். கைபேசியில் முப்பது நாற்பது எழுத்துகளுக்கு மேல் தெரியாது, தமிழ் எழுத்துகள் அகலமானவை என்பதால் இன்னும் குறையும். முக்கியமான சொல் முதலில் வரட்டும். அதற்கடுத்து வரும் முன்னோட்ட வரியை நாம் எழுதாவிட்டால், கடிதத்தில் முதலில் கண்ணில் படும் எழுத்தைச் செயலி எடுத்துக்கொள்ளும். ‘இந்த மின்னஞ்சல் சரியாகத் தெரியவில்லையா?’ என்று முன்னோட்டத்தோடு வரும் விளம்பரக் கடிதங்களைப் பார்த்திருப்பீர்கள், அப்படி வந்தவைதான் அவை.

அனுப்பும் முன்

லிட்மஸ், ஈமெயில் ஆன் ஆசிட் போன்ற சேவைகள் ஒரே கடிதத்தைப் பல செயலிகளில் திறந்து ஸ்கிரீன்ஷாட்டுகளாகக் காட்டும். எந்தச் சிஎஸ்எஸ் எங்கே வேலை செய்யும் என்று பார்க்க ‘கேன் ஐ ஈமெயில்’ தளம் இருக்கிறது, நாள் தவறாமல் திறப்பேன். ஆனாலும் கைபேசியைக் கையில் பிடித்துக் கட்டைவிரலால் தள்ளிப் பார்ப்பதற்கு ஈடில்லை. ஸ்கிரீன்ஷாட்டில் பொத்தான் அழகாகத் தெரியும். அழுந்துகிறதா என்பது விரலுக்குத்தான் தெரியும்.

சோதனைக் கடிதத்தை ஒருவர் மற்றவருக்கு ஃபார்வர்டு செய்து கருத்துக் கேட்பது இந்தத் தொழிலின் பெரிய நேர விரயம். பழைய அவுட்லுக்கிலிருந்து ஃபார்வர்டு செய்த கணமே வேர்டு மொத்தக் குறியீட்டையும் தன் பாணியில் திருத்தி எழுதிவிடும். உடைந்ததைப் பார்த்துவிட்டு நமக்குக் கோபமாக எழுதுவார்கள். பார்க்க வேண்டிய ஒவ்வொருவருக்கும் அனுப்பும் மென்பொருளிலிருந்தே நேரடியாகச் சோதனைக் கடிதம் போக வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. ஜிமெயிலில் திடீரென எல்லா அலங்காரமும் போய்விட்டால் ஸ்டைல் தொகுதியைப் பாருங்கள். அதற்குள் தனக்குப் பிடிக்காத ஒன்றைக் கண்டால், அந்த வரியை மட்டும் விடாமல் தொகுதி முழுவதையுமே ஜிமெயில் தூக்கி எறிந்துவிடுவதுண்டு. தவிர்க்கவே முடியாத அளவுகளையும் நிறங்களையும் ஸ்டைல் தொகுதியில் விடாமல், அந்தந்த உறுப்பின் எச்டிஎம்எல் டேக்கின் உள்ளேயே எழுதிவைப்பது இதற்காகத்தான்.

புதிய வடிவம் வெற்றியா என்பதை, எத்தனை பேர் திறந்தார்கள் என்ற திறப்பு விகிதத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். 2021 செப்டம்பரில் ஐபோனின் ஐஓஎஸ் 15உடன் ஆப்பிள் மெயிலுக்கு வந்த தனியுரிமைப் பாதுகாப்பு, பெறுபவர் கடிதத்தைத் திறக்காவிட்டாலும் படங்களை முன்கூட்டியே இறக்கிவிடுகிறது. படம் இறங்குவதை வைத்துத்தான் திறப்பை எண்ணுகிறார்கள் என்பதால், திறந்ததாகக் கணக்கு ஏறிவிடும். கிளிக் எண்ணிக்கையைப் பாருங்கள். கைபேசி, கணினி என்று பிரித்துப் பார்க்க முடிந்தால் இன்னும் நல்லது. கணினியில் கிளிக் வந்து கைபேசியில் வராவிட்டால் வாசகத்தைக் குறை சொல்வதற்கு முன்னால் பொத்தானை ஒரு முறை அழுத்திப் பாருங்கள்.

கடைசியாக, எல்லோரும் ஒளித்து வைக்க விரும்புகிற விலகல் லிங்க்; இனி இந்தக் கடிதங்கள் வேண்டாம் என்பவர்கள் அழுத்துவது. கடிதத்தின் அடியில் 9 பிக்சலில், சாம்பல் நிறத்தில், நான்கைந்து லிங்க்குகளுக்கு நடுவே அதைப் புதைத்துவிடச் சொல்வார்கள். கைபேசியில் அதைத் தேடி அலுத்தவர் மேலே இருக்கும் ஸ்பேம் பொத்தானை அழுத்துவார், அது விரலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாஹூவும் மொத்தமாக அனுப்புகிறவர்களிடம் ஒரே கிளிக்கில் விலகும் வசதியைக் கேட்கின்றன. ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது என்றும் சொல்கின்றன. தொட்டுவிட்டால் அடுத்த கடிதம் எவ்வளவு அழகாக இருந்தாலும் இன்பாக்ஸுக்குப் போய்ச் சேருவதே சந்தேகம். அதனால் விலகல் லிங்க்கை 14 பிக்சலில், மற்ற லிங்க்குகளிலிருந்து தள்ளி, தனி வரியில், விரல் படும் அளவுக்கு இடம் விட்டு வைக்கிறேன். வாடிக்கையாளர்கள் முணுமுணுக்கத்தான் செய்கிறார்கள்.